இறால் கன்டெய்னருக்கு மண்டபத்திலிருந்து கரண்ட் கொடுத்த விவரம்

தாம்பரம் நீதித்துறை நடுவர் முன்பாக, சாட்சி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்ளப்பட்டது.

பெயர்: ஜாஸ்மின். வயது: 39. க/பெ. ஆரோன். தொழில்: திருமண மண்டப மேலாளர். இருப்பிடம்: மேற்குத் தாம்பரம், பைபாஸ் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய கன்னிக்கோயில் குறுக்குத் தெரு.

சொல்ல விருப்பமில்லை என்றால் நான் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றும், சொன்னால் அது என்னையும் பாதிக்கக்கூடும் என்றும் நடுவர் அவர்கள் எனக்கு விளக்கினார்கள். புரிந்தது. நான் சொல்லவே வந்திருக்கிறேன்.

நான் மேற்படி முகவரியில் என் கணவர், எட்டு வயது மகள் ஆகியோருடன் வசித்து வருகிறேன். எங்கள் தெருமுனையில் பக்தவச்சலம் என்பவருக்குச் சொந்தமான திருமண மண்டபம் உள்ளது. அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில்தான் அந்த மண்டபம் கட்டப்பட்டது. அதில் மேலாளராக இருந்து வந்தேன். மண்டபத்தின் பின் கேட் சர்வீஸ் ரோட்டைப் பார்த்து இருக்கும். அந்த ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். துறைமுகத்தில் இடமில்லை, டோக்கன் வரவில்லை, பகலில் நகரத்துக்குள் விடமாட்டார்கள் என்று பல காரணம் சொல்வார்கள். சில லாரி ஒரு நாளில் போய்விடும், சில லாரி நான்கு நாள் நிற்கும். இன்ஜினை அணைக்காமலே நிற்கும் வண்டிகளால் எங்கள் தெருவில் துணி காயப்போட முடியாது. என் மகளுக்கு வீசிங் உண்டு.

இந்த வருடம் கோடையில், துறைமுக லாரிகள் ஊருக்குள் தேங்காமல் இருப்பதற்காக லாரி நிறுத்துமிடம், தனிப்பாதை, ரயிலில் கன்டெய்னர் ஏற்றும் வசதி ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கும் ஒரு திட்டம் வருகிறது என்று எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தோத்தாத்ரி சார் சொன்னார். அவர் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்த லாரிப் பிரச்சினைக்காக அவர் ஏறாத அலுவலகம் கிடையாது. அவர் வீடு மண்டபத்தின் பின் கேட்டுக்கு நேர் எதிரில் உள்ளது. அவர் மனைவிக்கு மூச்சுத்திணறல் இருப்பதால் ஜன்னலை ஈரத்துணியால் அடைத்து வைத்திருப்பார்கள். அதன் பிறகு அந்தத் திட்டத்துக்காகக் காற்றை ஆய்வு செய்யும் குழுவிலிருந்து தமிழினி என்ற பொறியாளர் வந்து, மண்டபத்து மொட்டைமாடியில் காற்றின் தூசியை அளக்கும் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். மூன்று இடங்களில் இப்படிப் பெட்டி வைத்திருப்பதாகவும், எங்கே அளவு அதிகமோ அந்த இடத்துக்கு நிதியில் முன்னுரிமை கிடைக்கும் என்றும் எங்கள் முன்னிலையில் சொன்னார். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை தோத்தாத்ரி சார் ஏற்றுக்கொண்டார். மாடிக்குப் போக வேண்டும் என்பதால் பின் கேட்டின் இன்னொரு சாவியை நான்தான் அவரிடம் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியில் ஒரு சின்னத் திரை இருக்கும், எண் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது, வீட்டில் அதற்குக் கிண்டலும் உண்டு. நானும் தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சாம்பிராணி போட்டால் ஏறியது. மழை தூறினால் இறங்கியது. கல்யாணத்தில் பட்டாசு வெடித்தபோது அது ஏறிய வேகத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பாவே மாடிக்கு வந்து வேடிக்கை பார்த்தார்.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, பின் கேட்டை ஒட்டி வெள்ளை நிறக் கன்டெய்னர் லாரி ஒன்று வந்து நின்றது. மற்ற லாரிகள் போல இல்லாமல் அதன் முன்பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாடிப் பெட்டியில் எண் இதுவரை நான் பார்க்காத அளவுக்குப் போயிற்று. மகள் இரவெல்லாம் இருமினாள். மறுநாள் காலை நான் போய் அந்த லாரி ஓட்டுநரைச் சத்தம் போட்டேன். அவர் பெயர் சுகுமார், பள்ளிக்கரணையில் குடியிருக்கிறார். இந்த வழக்கில் எதிரியாகக் காவலில் இருப்பவர் அவர்தான். அதற்கு முன் எனக்கு அவரைத் தெரியாது.

அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "உள்ள இறால் இருக்குக்கா. மைனஸ் பதினெட்டுல வெச்சிக்கினு போவணும். மிஷின நிறுத்துனா என் வேல காலி" என்று சொன்னார். மரக்காணம் பக்கத்திலிருந்து ஏற்றியது என்றும், கப்பலில் ஜப்பானுக்குப் போகிறது என்றும் சொன்னார். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவர் கன்டெய்னரின் முகப்பில் இருந்த திரையைக் காட்டினார், மைனஸ் பதினெட்டு என்று இருந்தது. மே மாத வெயிலில் நின்றுகொண்டு அதைப் பார்த்தது எனக்கு விநோதமாக இருந்தது. இந்தக் கன்டெய்னர் கரண்டில் ஓடாதா என்று கேட்டேன்.

"ஏன் ஓடாது? போர்ட்டு உள்ள போய்ட்டா கரண்ட்லதான் ஓடும். கப்பல்லயும் அதான். நடுவுல ரோட்டுல நிக்கும்போதுதான் டீசல். இங்க யாருக்கா நமக்கு கரண்ட் குடுப்பா?" என்றார். கன்டெய்னரிலேயே தடித்த வயரும் பிளக்கும் இருப்பதையும் திறந்து காட்டினார்.

எங்கள் மண்டபத்தின் பின்புறம், கச்சேரி மேடைக்கும் லைட் அலங்காரத்துக்கும் மூன்று ஃபேஸ் இணைப்பு உண்டு. அடுத்த நான்கு நாட்களுக்கு முகூர்த்தம் இல்லாததால் அது சும்மா இருந்தது. உரிமையாளர் பக்தவச்சலத்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அதன் பிறகு எங்கள் மண்டபத்துக்கு வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, சுகுமார் வண்டியில் வைத்திருந்த சாக்கெட்டைப் பொருத்தி, வியாழக்கிழமை மாலையில் கன்டெய்னரை மண்டபத்து கரண்டில் இணைத்தோம். ஆகும் கரண்டுக்கு உண்டானதைக் கட்டிவிடுவதாக சுகுமார் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவர் ஜெனரேட்டரை அணைத்தார்.

அந்த நிமிடத்தை நான் சொல்ல வேண்டும். சத்தம் நின்றதும் எதிர்வீட்டு டிவியில் செய்தி வாசிப்பது எங்களுக்குக் கேட்டது. நான் மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். உடனே ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், எண் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அன்று ராத்திரி என் மகள் எழுந்திருக்கவில்லை. அது அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் தோத்தாத்ரி சார் மாடிக்கு வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் பெட்டி பழுதாகிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். நான் சந்தோஷமாக அவரைக் கீழே கூட்டிப் போய் வயரைக் காட்டினேன். அவர் குனிந்து பிளக்கைப் பார்த்தார். "நல்ல யோசனைம்மா" என்றார்.

சனிக்கிழமை மதியம், தன் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததாகவும், பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டு சுகுமார் பள்ளிக்கரணைக்குப் போனார். கன்டெய்னரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் புறப்படும்வரை பார்த்தேன், எரிந்தது. மாலையில் நான் கோவிலம்பாக்கத்தில் என் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பத்துடன் போனேன். சுகுமார் திரும்பியிருப்பார் என்ற எண்ணத்தில் அங்கேயே தங்கி, மறுநாள் அங்கிருந்தே சர்ச்சுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்து சேர்ந்தேன். ஆனால் குழந்தைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் சுகுமார் ராத்திரி வரவில்லை. நான் வந்த சற்று நேரத்தில்தான் அவரும் வந்தார். இருவரும் சேர்ந்துதான் பின் கேட்டைத் திறந்தோம்.

பச்சை விளக்கு எரியவில்லை. பிளக் சாக்கெட்டில் இல்லை. சுகுமார் ஓடிப் போய் ஜெனரேட்டரைப் போட்டார். திரையில் எண் மைனஸ் பதினெட்டிலிருந்து வெகுவாக ஏறியிருந்ததைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவே அவருக்கு டோக்கன் வந்தது. போகும்போது, "கம்பெனில கேட்டா நான் பாத்துக்கறேன். உங்க பேரு வராதுக்கா" என்றார். துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தபோது சரக்கு கெட்டிருந்ததாகவும், ஜெனரேட்டரை நிறுத்தி டீசலை விற்கத் திட்டமிட்டார் என்று கம்பெனி புகார் கொடுத்ததாகவும், அவர் கேபினில் இரண்டு டீசல் கேன் இருந்ததால் கைது செய்யப்பட்டதாகவும் பிறகு அறிந்தேன். கரண்டில் போட்டிருந்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. காவல்துறையினர் மண்டபத்துக்கு வந்து விசாரித்தபோது நான் அங்கு இல்லை. உரிமையாளர் பக்தவச்சலம் எந்த வண்டிக்கும் கரண்ட் கொடுத்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த அளவில் அது பொய்யில்லை. மாலையில் நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்.

ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பிளக் பிடுங்கப்பட்டிருந்ததே தவிர, பிடுங்கி எறியப்படவில்லை. முதலில் சுவரில் உள்ள ஸ்விட்ச் இறக்கப்பட்டு, பிறகு பிளக் கழற்றப்பட்டு, சாக்கெட்டின் மூடி மூடப்பட்டு, அத்தனை கனமான வயர் சீராக வட்டமாகச் சுற்றப்பட்டு, அவிழாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. கெடுதல் செய்ய வருகிறவர் எதற்கு வயரைச் சுற்றி வைக்க வேண்டும் என்று யோசித்தேன்.

எங்கள் ரோட்டில் நிற்கும் லாரிகளுக்கு குப்புராஜ் என்பவர் கேனில் டீசல் கொண்டுவந்து விற்பார். கரண்ட் கொடுத்தால் நஷ்டம் அவருக்குத்தான் என்பதால் முதலில் அவரிடம் போய் நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "இன்னாக்கா, என் மேல டவுட்டா? நான் புடுங்கியிருந்தா வயர சுத்தி வெச்சிட்டா போயிருப்பேன்? அப்டியே அறுத்து காயலாங்கடைல போட்டிருப்பேன்ல? கேட்டு பூட்டு ஒடையல. சாவி யார்கிட்ட கீதோ அவங்களக் கேளு" என்றார். சாவி என்னிடமும் தோத்தாத்ரி சாரிடமும்தான் இருந்தது. அப்போதும் எனக்கு அவர் மேல் சந்தேகம் வரவில்லை. ஊரிலேயே அந்தப் புகையை அதிகம் வெறுப்பவர் அவர்தானே என்று நினைத்தேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை, பொறியாளர் தமிழினி பெட்டியிலுள்ள கணக்கை எடுத்துப்போக வந்தார். தோத்தாத்ரி சாரும் நானும் மாடியில் உடனிருந்தோம். தமிழினி தன் மடிக்கணினியில் ஒரு கோட்டைக் காட்டி, "வியாழக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அப்படியே படுத்துடுச்சு பாருங்க. மத்த ரெண்டு இடத்துல அப்படி இல்ல. இங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீழே இறங்கி வந்து அந்த சாக்கெட்டை நாலைந்து படம் எடுத்தார். இந்தத் திட்டத்தில் ரோட்டை அகலப்படுத்துவது பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், காத்திருக்கும் வண்டிக்குக் கரண்ட் கொடுப்பது பற்றி யாரும் கேட்கவில்லை என்றும், ஒரு தெருவின் மூன்று நாள் கணக்கை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நிதி கேட்கும் அறிக்கையில் இதையும் எழுதுவேன் என்றும் சொன்னார். "இறங்கினா முன்னுரிமை போயிடுமா?" என்று தோத்தாத்ரி சார் கேட்டார். தமிழினி மேடம் அவரைப் புரியாமல் பார்த்து, "எதுக்கு சார் போகணும்? என்ன செஞ்சா இறங்குதுன்னு காட்ற ஒரே இடம் இதுதானே?" என்றார்.

தோத்தாத்ரி சார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

தமிழினி மேடம் போன பிறகு அவரே பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "நான்தான் கழட்டினேன்மா. சனிக்கிழமை நீங்க எல்லாரும் கிளம்பினப்புறம். அளக்கற கடைசி வாரத்துல நம்பர் இறங்கிட்டா பணம் வேற ஊருக்குப் போயிடும்னு பயந்துட்டேன். எத்தனை வருஷமா நடந்துண்டிருக்கேன், உங்களுக்குத் தெரியும்." இறால் கெட்டுப்போகும் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "ஜெனரேட்டர் தானா எடுத்துக்கும்னு நினைச்சேன். என் பையன் அபார்ட்மென்ட்ல கரண்ட் போன அடுத்த நிமிஷம் எடுத்துக்குமே. சத்தம் வருதான்னு நின்னு பார்த்தேன். ரோட்டுல அத்தனை வண்டி ஓடறது, எனக்கோ ஒரு காது மந்தம். ஓடறதுன்னே நினைச்சுண்டு போயிட்டேன்" என்றார்.

அந்தப் புகை முதலில் உங்கள் வீட்டு ஜன்னலுக்குத்தானே வரும் சார் என்று கேட்டேன். "தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் மனைவிக்கு இது தெரியாது.

அதன் பிறகு நான் அவரிடம், சுகுமார் உள்ளே இருக்கிறார், அவர் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, நாம் இரண்டு பேரும் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். நிதி பற்றிய முடிவு வரும்வரை பொறுத்துக்கொள்ளும்படி கேட்டார். இப்போது வெளியே தெரிந்தால் அளவையே ஏமாற்றிய தெரு என்று பெயர் வந்து, தெரு முழுவதும் கஷ்டப்படும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் மகளும் அந்தத் தெருவில்தான் மூச்சு விடுகிறாள். அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன். அவர், "நம்ம நல்ல காத்துக்காக இன்னொருத்தர் உள்ள இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பள்ளிக்கரணையில் சுகுமாரின் வீட்டை விசாரித்துப் போனேன். குழந்தை நலமாக இருந்தது. சுகுமாரின் மனைவி என்னை யாரென்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே போய்த் தங்கள் வழக்கறிஞரின் விலாச அட்டையை எடுத்துவந்து, "அந்த கரண்ட் குடுத்த அக்கா யாருன்னு எங்க வீட்டுக்காரரு எங்ககிட்டகூட சொல்லல" என்றார். அங்கிருந்தே வழக்கறிஞரிடம் போனேன். நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்க மனுச் செய்தோம். அதன் பிறகு பக்தவச்சலம் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அவரைக் கேட்காமல் கரண்ட் கொடுத்தது நான்தான்.

நான் இன்று இங்கே வருவதை நேற்று தோத்தாத்ரி சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இன்று காலையில் நான் ஆட்டோவுக்கு நிற்கும்போது தெருமுனைக்கு வந்து, நானும் வரேன் என்று ஏறிக்கொண்டார். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். சாட்சி சொல்ல எதற்குப் பை என்று கேட்டேன். "ரெண்டு வேஷ்டி, பிரஷர் மாத்திரை. திரும்பி வர முடியுமோ என்னவோ, தெரியலையே" என்றார். மாமியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். பாத்துக்கறேன்னார்" என்று சொன்னார். என் கணவர் இதை என்னிடம் சொல்லவில்லை.

இப்போது அவர் இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி நான் சொன்னதில் அவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. சுகுமார் ஜெனரேட்டரை நிறுத்தியது டீசலுக்காக அல்ல, நான் கேட்டதற்காக.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. இதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. எழுதியதை எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கக் கண்டு, உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
ஆ. ஜாஸ்மின்